எக்ஸ்-கதிர் வெடிப்புகளும் வால்மீன்களும்: மொட்டை மாடியிலிருந்து அளந்து பதிய முழுமையான வழிகாட்டி

விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் தரையைத் தொடுவதே இல்லை. வளிமண்டலம் உயரத்திலேயே அதை விழுங்கிவிடுகிறது. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ராக்கெட்டில் கருவியை ஏற்றி அனுப்பிய பிறகுதான், சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ்-கதிர் மூலம் தெரியவந்தது: விருச்சிகத்தில் இருக்கும் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. அப்படியென்றால் மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ ஒரு சாதாரண விண்மீனோடு ஜோடியாகச் சுற்றும்போது, துணையான அந்தச் சாதாரண விண்மீனின் வாயு உருவப்பட்டு, கருந்துளையையோ நியூட்ரான் விண்மீனையோ சுற்றி ஒரு வட்டாகச் சேர்கிறது. அந்த வட்டு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நிரம்பும். ஒரு கட்டத்தில் சூடேறி, வாயு மளமளவென்று உள்ளே பாயும். உள்வட்டு எக்ஸ்-கதிரைக் கொட்டும். அந்தக் கதிர் பட்டு வெளிவட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எரியும். 18-ஆம் பொலிவெண்ணில் கிடந்த புள்ளி சில நாட்களில் 12-க்கு வந்துவிடும் (பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). நம் கண்ணுக்கும் கேமராவுக்கும் எட்டுவது இந்த வெளிவட்டின் ஒளிதான்.

வால்மீனை இதோடு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1996 மார்ச்சில் ஹயகுடாகே வால்மீன் பூமியை நெருங்கிக் கடந்தபோது ரோசாட் செயற்கைக்கோள் அதை எக்ஸ்-கதிரில் பார்த்தது. பனியும் தூசியுமான ஓர் உருண்டையிடம் அதைப் பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. சூரியக் காற்றில் வரும் ஆக்சிஜன், கார்பன் அயனிகள் வால்மீனின் வாயுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கின்றன, அப்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது என்பது பிறகு தெளிவானது. இதைவிட நடைமுறையான காரணமும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் கைப்பழக்கம் ஒன்றே. நிலையில்லாத ஓர் ஒளியை, மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, சரியான நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். நேரம், ஒப்பு விண்மீன், மதிப்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த இரவின் உழைப்பு யாருக்கும் பயன்படாது.

பழகுவதற்கு எது, காத்திருப்பதற்கு எது

புதியவர் செய்யும் முதல் தவறு, வெடிப்புச் செய்தி வந்த அன்றைக்குத்தான் அந்த வானப் பகுதியைத் தேடத் தொடங்குவது. பால்வீதியின் நெரிசலில் 12-ஆம் பொலிவெண் புள்ளியைக் கண்டுபிடிக்கவே இரண்டு மூன்று இரவு போய்விடும். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் மூலங்களில் முதலில் பழகுங்கள்.

சிக்னஸ் எக்ஸ்-1 நல்ல தொடக்கம். அன்னத்தின் கழுத்தில் இருக்கும் ஈட்டா சிக்னி வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கிழக்கே, சற்றே வடக்காக, ஏறத்தாழ 26 வில்நிமிடம் தள்ளினால், அதாவது முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவான தூரத்தில், 9-ஆம் பொலிவெண்ணில் நீல நிறப் பெருவிண்மீன் ஒன்று இருக்கும். அதன் அட்டவணைப் பெயர் எச்டிஇ 226868. 5.6 நாளுக்கு ஒருமுறை ஒரு கருந்துளையைச் சுற்றிவருவது இதுதான். பைனாகுலரிலேயே எட்டிவிடும். ஒளி மாற்றம் மிகச் சிறியது, கண்ணால் அளக்க முடியாது. இடத்தைப் பிடித்துப் பழகத்தான் இது.

அளந்து பழக ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. பெரும்பாலும் 12-க்கும் 13-க்கும் இடையில் அலைகிறது. 18.9 மணி நேரச் சுற்று. அதோடு நிமிடக் கணக்கில் துடிப்பும் உண்டு. அனுஷ நட்சத்திரத்தின் வடகோடியில் இருக்கும் பீட்டா ஸ்கார்ப்பியிலிருந்து வடகிழக்கே சுமார் 5.4 பாகை. 10×50 பைனாகுலர் வட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் பீட்டாவை வைத்தால், இலக்கு எதிர் ஓரத்தை ஒட்டி விழும். அருகில் பளிச்சென்ற விண்மீன் எதுவும் இல்லை என்பதால் வரைபடம் இல்லாமல் போகாதீர்கள். நம் ஊர்களில் இது 60 பாகைக்கு மேல் ஏறும். ஐரோப்பியர்களுக்குத் தாழ்வாகவே கிடக்கும் ஒன்று நமக்குத் தலைக்கு மேல் கிடைக்கிறது, அதை விடக்கூடாது. சித்திரையிலிருந்து ஆடி வரை இதற்கான காலம்.

அன்னம் நமக்குச் சற்றுச் சிக்கல். மாலையில் உயரத்தில் இருக்கும் மாதங்கள் மழை மேகத்தோடு மோதும். மே மாதத் தொடக்கத்தில் இரவு 11 மணிவாக்கில் வடகிழக்கில் எழுந்து விடியலுக்குள் நன்றாக மேலே வந்துவிடும். தூக்கத்தை விட்டுக்கொடுக்கத் தயாரானால் அதுவே சிறந்த நேரம்.

காத்திருந்து கண்காணிக்க வேண்டியவற்றில் முதலிடம் வி404 சிக்னிக்கு. 1938-இல் நோவா, அதாவது திடீரெனப் பொலிவேறிய விண்மீன், என்று பதிவானது. 1989-இல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அதை எக்ஸ்-கதிரில் பிடித்தது. 2015 ஜூன் 15 அன்று மீண்டும் வெடித்தது. சுமார் 7,800 ஒளியாண்டு தொலைவில், சூரியனைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு நிறையுள்ள கருந்துளை அது. அந்த ஜூனில் ஐந்து நிமிடத்திலிருந்து இரண்டரை மணி நேரம் வரையான இடைவெளிகளில் 0.1 முதல் 2.5 பொலிவெண் வரை ஏறி இறங்கியது. சிறிய தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவர்கள், ஒரு கருந்துளையைச் சுற்றி நடப்பதன் எதிரொளியை நேரடியாகப் பார்த்தார்கள்.

2018-இல் வந்த மேக்ஸி ஜே1820+070 இன்னொரு பாடம். ஆஸ்-ஆசன் என்ற தானியங்கி ஒளியியல் தேடல் மார்ச் 6 அன்று அந்தப் புள்ளி எரிவதைக் கண்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருக்கும் மேக்ஸி கருவி எக்ஸ்-கதிரைப் பதிந்தது மார்ச் 11-இல். வட்டு வெளியிலிருந்து உள்ளே சூடேறி வந்ததால் கண்ணொளி முந்திக்கொண்டது. ஆகவே எச்சரிக்கை வருவதற்கு முந்தைய இரவுகளின் பதிவும் மதிப்புள்ளது. “இன்று 13.2 வரை பார்த்தேன், ஒன்றும் இல்லை” என்ற வரியும் முழு அவதானிப்புதான்.

இவற்றோடு ஆர்எஸ் ஒபியூக்கியையும் டி கொரோனே போரியாலிஸையும் பட்டியலில் வையுங்கள். இவை வெண்குறு விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) கொண்ட, திரும்பத் திரும்ப வெடிக்கும் மறுநோவாக்கள். வெடிக்கும்போது தெறிக்கும் வாயு, துணையான செம்பெரு விண்மீனின் காற்றில் மோதி எக்ஸ்-கதிர் வீசும். முன்னது 2021 ஆகஸ்ட் 8-இல் வெடித்து வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. பின்னது 1866-இலும் 1946-இலும் வெடித்தது. அமைதிக் காலத்தில் அது 10-ஆம் பொலிவெண் அருகே இருக்கும்.

கருவி

8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) போதும். இருண்ட கிராமத்து வானில் 14-ஐ எட்டிப்பிடிக்கும். சிறு நகரத்தில் 13-ஐத் தொட்டால் நல்லது. பெருநகரத்தில் 12 தாண்டுவதே பாடு. இரவில் வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், புள்ளி கொதிக்கும். தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குவது உதவும். மேக்ஸி ஜே1820+070 போன்றவை நம் ஊரில் உச்சந்தலைக்கு நேரே கடக்கும். அந்த இடத்தில் டாப்சோனியனைக் கிடைமட்டமாகத் திருப்புவது பெரும்பாடு. உச்சியை அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ வேலையை முடித்துவிடுங்கள்.

கேமராவில் மூன்று வழி. குளிரூட்டிய கருப்பு-வெள்ளைக் கேமராவும், கண் காணும் ஒளிக்கு நெருங்கிய பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வி வடிகட்டியும் இருந்தால் அதுவே சிறந்தது. டிஎஸ்எல்ஆர் என்றால் ரா கோப்பிலிருந்து பச்சை அலையை மட்டும் எடுக்க வேண்டும். சீஸ்டார் எஸ்50 போன்ற திறன் தொலைநோக்கிகளும் பயன்படும். 50 மி.மீ. துளை, 250 மி.மீ. குவிதூரம், ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2.4 வில்நொடி. ஆனால் அமைப்பில் ஒவ்வொரு தனிப் படத்தையும் சேமிக்கும் தெரிவை முன்பே இயக்கிவிடுங்கள். செயலி அடுக்கித் தரும் அழகான ஜேபெக் படம் அளவீட்டுக்கு உதவாது. அதன் ஒளி அளவுகள் இழுத்து நீட்டப்பட்டவை.

வரைபடமும் நேரமும்

அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் தளத்தில் எந்த மாறுவிண்மீனுக்கும் இலவசமாக வரைபடம் போட்டுக்கொள்ளலாம். பெயரைக் கொடுத்து, 3 பாகை அகலத்தில் ஒன்றும் அரைப் பாகை அகலத்தில் ஒன்றும் எடுங்கள். முதலாவது வழி கண்டுபிடிக்க, இரண்டாவது அளக்க. உங்கள் தொலைநோக்கி காட்டும் திசைக்கு ஏற்ற படத்தைத் தெரிவுசெய்ய மறக்காதீர்கள். டாப்சோனியனில் படம் 180 பாகை சுழன்று தெரியும். மூலைக் கண்ணாடி மாட்டிய கருவியில் இடவலம் மாறும். தவறான புள்ளியை அளப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

படத்தில் ஒப்பு விண்மீன்களின் பக்கத்தில் 120, 126 என்று எண் இருக்கும். அவை 12.0, 12.6 என்று பொருள். புள்ளியும் ஒரு விண்மீன் போலத் தெரியும் என்பதால் தசமப் புள்ளி போடுவதில்லை. படத்தின் மூலையில் இருக்கும் அடையாளக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள், பதிவில் அது கேட்கப்படும்.

நேரம் உலக நேரத்தில் அல்லது ஜூலியன் நாளில் (வானியலாளர்கள் தொடர்ச்சியாக எண்ணிவரும் நாள் எண்). இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் எட்டு மணி. விடியற்காலைப் பதிவுகளில்தான் பிழை நுழையும். இந்திய நேரம் 2023 பிப்ரவரி 25 அதிகாலை 4.30-க்கு ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 பார்த்தால், உலக நேரப்படி அது பிப்ரவரி 24, இரவு 11.00. ஜூலியன் நாள் 2460000.458. இந்திய, இலங்கை நேரம் மாலை 5.30-க்குத்தான் ஜூலியன் நாள் மாறுகிறது. ஆகவே இங்கே இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கும். அந்தியில் எழுதிய முழு எண்ணும் விடியலில் எழுதியதும் வேறுபட்டால், கணக்கில் தவறு.

கண்ணால் அளக்கும் முறை

இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடம் விடுங்கள். சிவப்பு விளக்கு மட்டும். கைபேசியின் வெள்ளைத் திரையை ஒரு முறை பார்த்தாலும் மறுபடி 20 நிமிடம்.

இலக்கைக் கண்டதும், அதைவிடச் சற்றே பிரகாசமான ஒப்பு விண்மீன் ஒன்று, சற்றே மங்கியது ஒன்று, இரண்டையும் பிடியுங்கள். இடைவெளி 0.5 முதல் 0.7 பொலிவெண் இருப்பது நல்லது. இலக்கையும் ஒப்பு விண்மீனையும் ஒரே சமயத்தில் பார்க்க முயலாதீர்கள். ஒன்றை வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து பாருங்கள், பிறகு மற்றதை அதே நடுவில். விழித்திரையின் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் ஒரே ஒளி வெவ்வேறாகத் தெரியும். மங்கலானவற்றுக்கு ஓரப்பார்வை: புள்ளியை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாக.

120-க்கும் 126-க்கும் நடுவே இலக்கு எங்கே நிற்கிறது? 120-லிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் என்று தோன்றினால் 12.2. அரைவாசியில் என்றால் 12.3. அதற்கு மேல் நுணுக்கம் கண்ணுக்கு இல்லை. 12.25 என்று எழுதுவது பொய்யான துல்லியம். எழுதிவிட்டு 15 நிமிடம் கழித்து, முன்னே எழுதியதைப் பார்க்காமல், மறுபடி மதிப்பிடுங்கள். ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 அந்த 15 நிமிடத்தில் உண்மையிலேயே மாறியிருக்கலாம். உங்கள் கை எவ்வளவு நிலையானது என்று தெரிய, மாறாத ஒரு விண்மீனையும் அதே முறையில் மதிப்பிட்டுப் பாருங்கள்.

இதில் பெரிய பகை, முன்கூட்டியே தெரிந்த எண். நேற்று மற்றவர்கள் 11.8 என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கிக்குப் போனால், கண் 11.8-ஐத்தான் காணும். பார்ப்பதற்கு முன் யாருடைய மதிப்பையும் பார்க்காதீர்கள். சிவந்த ஒப்பு விண்மீன்களையும் தவிருங்கள். அவற்றை உற்றுப்பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதுபோல் தோன்றும்.

கேமராவால் அளக்கும் முறை

முதலில் கணினிக் கடிகாரத்தை இணைய நேரச் சேவையோடு ஒத்திசையுங்கள். நிமிடக் கணக்கில் துடிக்கும் ஒன்றுக்கு 40 நொடி பிசகிய கடிகாரம் எக்ஸ்-கதிர்த் தரவோடு ஒப்பிடவே விடாது.

வெளிச்சம் எடுக்கும் நேரம்: ஒப்பு விண்மீன்களில் மிகப் பிரகாசமானதன் உச்ச பிக்சல், சென்சரின் கொள்ளளவில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இலக்கின் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் குறைந்தது 50 வர வேண்டும். அப்போது பிழை 0.02 பொலிவெண். 8 அங்குலம், வி வடிகட்டி, 12-ஆம் பொலிவெண் என்றால் 30 நொடியில் தொடங்கிப் பாருங்கள். வெடிப்புக் காலத்தில் படங்களை அடுக்காதீர்கள். இடைவிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் தனித்தனியாக எடுங்கள். அடுக்கினால் துடிப்பு மறைந்துபோகும், நாம் தேடியதே அதுதான்.

டிஎஸ்எல்ஆரில் விண்மீனைக் கொஞ்சம் குவியம் தப்ப வைக்கச் சொல்வது வழக்கம். புள்ளி பல பிக்சல்களில் பரவினால் நிற வடிகட்டிகளின் ஏற்றத்தாழ்வு சமமாகும். தனித்து நிற்கும் விண்மீனுக்கு அது சரி. எக்ஸ்-கதிர் ஜோடிகள் பெரும்பாலும் பால்வீதியின் நடுவில் கிடக்கின்றன. அங்கே குவியம் தப்பினால் பக்கத்து விண்மீன் கலந்துவிடும். இலேசாக மட்டும் செய்யுங்கள், சந்தேகம் வந்தால் செய்யாதீர்கள்.

அதே வெப்பநிலையில், அதே நேர அளவில், மூடி போட்டு 20 இருட்டுப் படம். சமவெளிச்சப் படம் 20: தொலைநோக்கி வாயில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் கட்டி, அந்தி வானத்தின் உச்சியைப் பார்த்து எடுக்கலாம். இருட்டுப் படத்தைக் கழித்து, சமவெளிச்சப் படத்தால் வகுக்காவிட்டால் தூசி வளையம் ஒன்றே 0.05 பொலிவெண் பொய் சொல்லிவிடும். கேமராவைக் கழற்றி மாட்டினால் சமவெளிச்சப் படம் புதிதாக எடுக்க வேண்டும்.

பிறகு ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் அளவு வட்டம் வையுங்கள். விண்மீன் உருவத்தின் அரையுயர அகலத்தைப்போல் (ஒளி உச்சத்தில் பாதியாகும் இடத்து அகலம்) ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆரம். நெரிசலில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒப்பு விண்மீன்களுக்கும் அதே ஆரம்தான். சோதனை விண்மீன் என்று இன்னொன்றையும் சேர்த்து அளங்கள், இலக்கின் பொலிவுக்கு அருகில் இருப்பதாக. இரவு முழுக்க அதன் கோடு தட்டையாக இருந்தால், இலக்கின் ஏற்ற இறக்கம் உண்மையானது. இரண்டும் சேர்ந்து ஆடினால், மெல்லிய மேகம் கடந்திருக்கிறது, அல்லது குவியம் நகர்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக் கோடு இல்லாத வரைபடத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை.

பதிவில் வடிகட்டிக் குறியீட்டைச் சரியாகப் போடுங்கள். டிஎஸ்எல்ஆரின் பச்சை அலைக்கு டிஜி (TG). வடிகட்டியே இல்லாமல் எடுத்து வி அளவோடு ஒப்பிட்டால் சிவி (CV). இவற்றை வி என்று எழுதுவது தரவைக் கெடுக்கும்.

எச்சரிக்கை எங்கிருந்து வரும்? மேக்ஸியின் தளம், ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் கண்காணிப்புப் பக்கம், அஸ்ட்ரோனமர்ஸ் டெலிகிராம் என்ற வானியல் அறிவிப்புச் சேவை, ஏஏவிஎஸ்ஓவின் அறிவிப்புகள். மேக்ஸி ஏறத்தாழ 92 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தின் பெரும்பகுதியைத் துழாவுகிறது. நம் அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்டபோது அதிலும் வானைத் துழாவும் கருவி ஒன்று வைத்தே அனுப்பினார்கள். எக்ஸ்-கதிர்க் கருவி முதலில் தரும் இடம் சில வில்நிமிட அளவுக்குத் தோராயமாக இருக்கலாம். அந்த வட்டத்துக்குள் பால்வீதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் உண்டு. ஒளியியல் இடம் உறுதியாகும்வரை, பழைய வானப் படத்தோடு ஒப்பிட்டு எது புதிது என்று பாருங்கள். குறுங்கோள் ஏதும் அந்தப் பக்கம் கடக்கிறதா என்பதையும் மைனர் பிளானட் சென்டரின் சோதிப்பியில் பார்த்துவிடுங்கள்.

வால்மீன்: அளப்பதில் உள்ள தந்திரம்

வால்மீன் புள்ளி அல்ல, பரவிய ஒளி. 8-ஆம் பொலிவெண் என்று செயலி காட்டும், பைனாகுலரில் அதே 8-ஆம் பொலிவெண் விண்மீன் சிரமமில்லாமல் தெரியும், வால்மீன் தெரியாது. அந்த ஒளி முழுவதும் சில வில்நிமிட அகலத்தில் தேய்த்துப் பூசப்பட்டிருப்பதால் வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. நகரத்தில் விண்மீன் தெரியும் எல்லையிலிருந்து மூன்றைக் கழித்து எதிர்பாருங்கள்: 9 வரை விண்மீன் தெரிந்தால், 6-ஆம் பொலிவெண் வால்மீன்தான் எட்டும்.

செயலியின் எண்ணே ஊகம். அடிப்படைச் சமன்பாடு எளிது: பூமியிலிருந்து தொலைவின் மடக்கையை ஐந்தால் பெருக்கி, சூரியனிலிருந்து தொலைவின் மடக்கையைப் பத்தால் பெருக்கி, இரண்டையும் வால்மீனின் இயல்புப் பொலிவெண்ணோடு கூட்டுவது. தொலைவுகள் வானியல் அலகில். இயல்பு 7 என்றால், பூமியிலிருந்து 1 அலகிலும் சூரியனிலிருந்து அரை அலகிலும் இருக்கும்போது 4. ஆனால் அந்தப் பத்து என்ற எண்ணுக்கு எல்லா வால்மீனும் கட்டுப்படாது. 2013-இல் ஐசான் சூரியனை ஒட்டிச் சுற்றும்போது சிதைந்துபோனது. 2020 வசந்தத்தில் அட்லஸ் சி/2019 ஒய்4 உடைந்தது. அதனால்தான் இன்று கண்ட எண் தேவைப்படுகிறது. ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலிகளில் வால்மீன் சுற்றுப்பாதைத் தரவை மாதம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள். பழைய தரவில் இடமே தவறும்.

மொத்தப் பொலிவை மதிப்பிட சிட்ஜ்விக் முறை. வால்மீனைக் கூர்மையான குவியத்தில் பார்த்து, அதன் அளவையும் சராசரி வெளிச்சத்தையும் மனதில் வாங்குங்கள். பிறகு ஒப்பு விண்மீனைக் குவியம் தப்பவைத்து, வால்மீனின் அளவுக்கு ஊதிப் பெரிதாக்குங்கள். அந்த வட்டின் வெளிச்சமும் மனதிலிருக்கும் வால்மீனின் வெளிச்சமும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டு விண்மீனோடு செய்து, முன்போலவே இடைநிலை காணுங்கள். தலைப்பகுதி பரவலாக, நடு அடர்த்தி குறைவாக இருக்கும் வால்மீனுக்கு இது சரி. நடுவில் விண்மீன் போல் குவிந்த கரு இருந்தால் மோரிஸ் முறை: வால்மீனையும் சற்றுக் குவியம் தப்பவைத்து ஓரளவு சீரான வட்டாக்கி, அந்த அளவுக்கு விண்மீனையும் ஊதுவது.

தெரியும் கருவிகளில் மிகச் சிறியதைப் பயன்படுத்துங்கள். பைனாகுலரில் தெரியும் வால்மீனை 12 அங்குலத்தில் மதிப்பிட்டால் வெளிக்கோமா (தலையின் வாயு மூட்டமான கோமாவின் வெளிப்பகுதி) தப்பிப்போய், வால்மீன் மங்கலாகப் பதிவாகும். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் எண்கள் தொடர்ந்து மங்கலாக வருவதற்கு இது முக்கியக் காரணம்.

கோமாவின் அகலத்தைக் கடிகாரத்தால் அளக்கலாம். தொடரும் மோட்டாரை நிறுத்துங்கள். வட்டத்தின் மேற்கு ஓரத்தில் கோமாவின் முன் விளிம்பு மறையும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், பின் விளிம்பு மறையும்போது நிறுத்துங்கள். வால்மீன் வட்டத்தின் நடுவழியாகக் கடக்க வேண்டும், ஓரமாகக் கடந்தால் அளவு கூடும். நொடியை 15-ஆல் பெருக்கி, நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணத்தின்) கொசைனால் பெருக்கினால் வில்நொடி. +20 பாகையில் 16 நொடி எடுத்தால் 226 வில்நொடி, அதாவது 3.8 வில்நிமிடம். மூன்று முறை செய்து சராசரி எழுதுங்கள். கூடவே அடர்த்தி எண்: முழுக்கப் பரவிக் கிடந்தால் 0, விண்மீன் போலவே இருந்தால் 9.

சூரியனை நெருங்கிய வால்மீன் அந்தியிலோ விடியலிலோ தொடுவானத்தை ஒட்டித்தான் தெரியும். சி/2023 ஏ3 சூஜின்ஷான்-அட்லஸ் 2024 செப்டம்பர் 27-இல் சூரியனை நெருங்கியது. விடியலில் கிழக்கே தெரிந்தது, அக்டோபர் நடுவில் மாலை மேற்குக்கு மாறியது. 10 பாகை உயரத்தில் ஒளி உச்சியில் கடப்பதைப்போல் ஐந்தரை மடங்கு காற்றைக் கடக்கிறது. ஒரு பொலிவெண்ணுக்கு மேல் இழப்பு. ஒப்பு விண்மீனையும் அதே உயரத்தில் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் உயரத்தைக் குறித்து, உறிஞ்சல் திருத்தம் செய்ததா இல்லையா என்று எழுதுங்கள். சூரியன் தொடுவானுக்கு மேல் இருக்கும்போது பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. விடியலில் சூரியன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பே மூடி போட்டுவிடுங்கள்.

கேமராவில் வால்மீன் நகர்வதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவை நகர்வு வேகத்தைத் தரும். மணிக்கு 120 வில்நொடி என்றால் நிமிடத்துக்கு 2. உங்கள் பிக்சல் 2.4 வில்நொடி என்றால் 72 நொடியில் ஒரு பிக்சல் நகரும். ஒரு படம் அதற்குள் முடிய வேண்டும். பிறகு அதே படங்களை இரு முறை அடுக்குங்கள்: வால்மீனை மையமாக வைத்து ஒன்று, ஒப்பு விண்மீன்களுக்காக விண்மீன்களை மையமாக வைத்து ஒன்று. அளவு வட்டத்தின் ஆரத்தை வில்நொடியில் குறிப்பிடாத வால்மீன் எண்ணுக்குப் பொருளில்லை. சிறு வட்டத்தில் அளந்தது கரு சார்ந்த எண், மொத்தப் பொலிவல்ல. கோமாவுக்குள் பின்புல விண்மீன் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள், வால்மீன் விலகியிருக்கும். வாயு மிகுந்த வால்மீன் பச்சையாகத் தெரிவதற்கு 514 நானோமீட்டர் அருகே ஒளிரும் ஈரணுக் கார்பன் காரணம். ஆகவே பச்சை அலையில் அளந்த எண் சற்றுப் பிரகாசமாக வரும், வடிகட்டியைக் குறிக்க மறக்காதீர்கள். பதிவை ஸ்லோவேனியாவின் சிர்னி வர் ஆய்வகத்தினர் நடத்தும் கோப்ஸ் தரவுத்தளத்தில் சேர்க்கலாம்.

வால்மீன்களிலும் திடீர் வெடிப்புக்காரர்கள் உண்டு. 2007 அக்டோபரில் 17பி/ஹோம்ஸ் 17-ஆம் பொலிவெண்ணிலிருந்து இரண்டு நாளுக்குள் 3-ஐத் தாண்டி, வெறுங்கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் உருண்டையானது. வியாழனுக்கு அப்பால் சுற்றும் 29பி/ஷ்வாஸ்மன்-வாக்மன் ஆண்டுக்குப் பல முறை வெடிக்கிறது. வெடித்த முதல் மணிகளில் விண்மீன் போலக் கூர்மையாக இருக்கும், பிறகு நாள் போகப்போகக் கோமா விரிந்து மங்கும். 6 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருப்பவர்கள் வாரத்தில் நான்கு இரவு ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால், வெடித்த நேரத்தைச் சில மணி நேரத்துக்குள் குறுக்க உதவலாம். இந்த ஒரு வால்மீனைத் தொடர்ந்து பார்ப்பதையே பரிந்துரைப்போம்.

பனியும் பதிவேடும்

மார்கழி, தை இரவுகளில் லென்ஸில் பனி மெல்ல மெல்லப் படியும், பார்ப்பவருக்குத் தெரியாது. விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து மங்குவதால் ஒப்பீடு கெடாது என்று நினைப்பதும் தவறு. பனி சீராகப் படியாது, ஓர விண்மீன்கள் முதலில் போகும். கண்ணாடியின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள கருப்பு அட்டைக் குழாயை முன்னால் மாட்டுங்கள். அதற்கு மீறினால் சூடாக்கும் பட்டை.

ஒவ்வோர் அவதானிப்புக்கும் ஒரு வரி: உலக நேரம், மதிப்பு, பயன்படுத்திய ஒப்பு விண்மீன்கள், வரைபடக் குறியீடு, கருவி, நிலவு, மேகம். முதலில் காகிதத்தில் எழுதுங்கள், பிறகு தட்டச்சு செய்யுங்கள். நேரமும் மதிப்பும் ஒரே கணத்தில் எழுதப்பட வேண்டும். “பிறகு நினைவிலிருந்து” என்றால் பத்து நிமிடம் வழுக்கும். வெடிப்பு நடக்கும் நாட்களில் மறுநாள் காலைக்குள் பதிவேற்றுங்கள், பெரிய ஆய்வகங்கள் அடுத்த இரவின் திட்டத்தை அதைப் பார்த்து அமைக்கின்றன. பதிவேற்றிய பிறகு பிழை தெரிந்தால் பழைய வரியை நீக்கி, திருத்தியதை ஒரு குறிப்போடு போடுங்கள். மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தால், ஒப்பு விண்மீன்களின் அளவு பின்னாளில் திருத்தப்படும்போது மறுபடி அளந்துகொள்ளலாம்.